கண்டதும் காணாததும்: அமெரிக்கா பற்றிய ஆங்கிலப் பயண நூல்கள் சில

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஐக்கிய அமெரிக்காவுக்குச் சென்று மீண்ட ஆங்கிலேயர் எழுதிய பயண நூல்கள், தனியொரு இலக்கிய வகையெனக் கொள்ளத்தக்க அளவுக்குப் பெருகியிருந்தன. ஆங்கிலேயரின் பயண நூல்களிலே விவரிக்கப்படும் பொருளாக நின்று பழகிய நாடுகளைச் சேர்ந்த எமக்கு, அதே பார்வை அவர்தம் மொழியையே பேசிய இன்னொரு மக்கள்மீது திரும்பியபொழுது யாது நிகழ்ந்தது என்பது ஆர்வத்துக்குரிய வினாவாகும். அக்கால அமெரிக்க வாசகர் பலர் இந்நூல்களை அவதூறு எனத் தள்ளினர். பின்வந்தோர் பலர் இவற்றைக் கண்கண்ட சாட்சியமென ஏற்றனர். இரு சாராரும் முதல் மனப்பதிவு என்பதைத் தனிமனிதரின் விருப்பு வெறுப்பாகவே கொண்டனர். எமது கருத்தில், அது கப்பல் கரையை அடையுமுன்னரே பெருமளவு உருவாகிவிட்ட ஒன்றாகும். எழுத்தாளரின் வர்க்கநிலையும் அவர் விட்டுவந்த நாட்டின் அரசியற் பூசல்களும் அதனுள்ளே அடங்கியுள்ளன. ஆயின் இவ்வாறு கூறுவதோடு விமர்சனப் பணி நிறைவெய்துவதில்லை. எவருடைய பார்வை எவ்விடத்திலே நின்றுவிடுகின்றது, ஏன் நின்றுவிடுகின்றது என்பதே நாம் ஆராய வேண்டியதாகும்.

பிரான்ஸெஸ் ட்ரொலப் 1827ஆம் ஆண்டின் இறுதியிலே நியூ ஓர்லியன்சை அடைந்தார். அடிமைகளுக்குக் கல்வியளித்து விடுதலை செய்யும் நோக்கத்துடன் பிரான்ஸெஸ் ரைட் டென்னசியில் நிறுவியிருந்த நஷோபா குடியிருப்பே அவர் முதலில் நாடிச் சென்ற இடம். அதன் அவலநிலை கண்டு அகன்று, சின்சினாட்டியிலே வணிக நிலையம் ஒன்றை நிறுவிப் பொருளிழந்தார். 1831இல் நாடு திரும்பி, மறு ஆண்டில் ‘அமெரிக்கரின் இல்லற நடைமுறைகள்’ என்னும் நூலை வெளியிட்டார். அது இங்கிலாந்தின் பாராளுமன்றச் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறிய ஆண்டுமாகும். வாக்குரிமை விரிந்தால் சமூகம் எவ்வாறாகும் என அஞ்சியோருக்கு, எங்கும் எச்சில் உமிழ்வோரையும், கத்தியை வாய்க்குட் செலுத்தி உண்போரையும் பற்றிய சித்திரங்கள் உவப்பளித்தமை வியப்பன்று.

இந்நூலின் உயிர்நிலை வேலைக்காரர் பற்றிய பகுதியிலே உள்ளது. வீட்டு வேலைக்கு வந்த பெண்கள் ‘வேலைக்காரி’ எனும் சொல்லை ஏற்க மறுத்ததையும், குடும்பத்தாருடன் ஒரே மேசையில் உண்ண இடமில்லாமையை அவமதிப்பாகக் கருதியதையும் ஆசிரியர் மனக்கசப்புடன் விவரிக்கிறார். மேற்குப் பகுதியிலே நிலம் மலிவாகவும் உழைப்பு அரிதாகவும் இருந்ததனாலேயே உழைப்பவர் தலைநிமிர்ந்து பேச முடிந்தது. அப்பொருளாதார உண்மை ஆசிரியருக்குப் பண்பாட்டுக் குறைபாடாகவே தென்பட்டது. அந்நிலம் பூர்வகுடிகளிடமிருந்து பறிக்கப்பட்டதென்பதையும் நாம் மறத்தலாகாது. அவர்களை மிசிசிப்பிக்கு அப்பால் அகற்றும் சட்டம் 1830இல் நிறைவேறியது. அதனைக் கண்டித்ததோடு, சுதந்திரம் பேசிக்கொண்டே அடிமைகளை வைத்திருந்தோரின் இரட்டை நிலையையும் இடித்துரைத்தவர் இதே ட்ரொலப் என்பது மனங்கொள்ளத்தக்கது. பழைமைவாதியான பால்சாக்கின் யதார்த்தம் அவரது அரசியலை மீறிச் சென்றதாக எங்கெல்ஸ் 1888இல் எழுதியதை ஈண்டு நினைவுகூரலாம். ட்ரொலப் பால்சாக் அல்லர். எனினும் ஒரு நூலாசிரியரைப் பிற்போக்காளர் எனப் பெயரிட்டு ஒதுக்கிவிடுவது கொச்சைப் பொருள்முதல்வாதமேயாகும்.

சாள்ஸ் டிக்கன்ஸ் 1842 ஜனவரியிலே பொஸ்டனில் இறங்கினார். அதே ஆண்டு வெளிவந்த ‘அமெரிக்கக் குறிப்புகள்’ என்னும் நூலிலே லொவெல் பஞ்சாலைகள் பற்றிய பகுதி பலராலும் பாராட்டப்பட்டது. ஆலைப் பெண்கள் தங்கிய விடுதிகளிற் பியானோ இருந்தது, அவர்கள் நூலகத்துக்குச் சந்தா செலுத்தினர், தாமே எழுதி ஒரு சஞ்சிகை வெளியிட்டனர் என்பவை அவரைக் கவர்ந்தன. உழைக்கும் பெண்கள் எழுதுவதும் வாசிப்பதும் அவர்தம் நிலைக்குப் பொருந்தாதெனக் கருதிய ஆங்கில மேற்குடியினரை அவர் அவ்விடத்திலே சாடுவது நேர்மையான சினமாகும். ஆயின் லொவெலில் அவர் கழித்தது ஒரே ஒரு நாள். கூலிக்குறைப்பை எதிர்த்து 1834இலும் விடுதிக் கட்டண உயர்வை எதிர்த்து 1836இலும் அங்குப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்திருந்தனர் என்பதை அப்பகுதியைப் படிப்பவர் அறிய வழியில்லை.

இதனினும் முக்கியமானது பிறிதொன்று. நூலின் இறுதிக்கு முந்திய அத்தியாயம் அடிமை முறைமை பற்றியது. தப்பியோடிய அடிமைகளைத் தேடிப் பத்திரிகைகளில் வெளிவந்த விளம்பரங்களே அதன் பெரும்பகுதி. உடலிலுள்ள வடுக்களும் சூட்டுக்குறிகளும் அடையாளங்களாகத் தரப்பட்ட அவ்விளம்பரங்களை, அடிமை ஒழிப்பாளரான தியடோர் வெல்ட் 1839இல் வெளியிட்ட தொகுப்பிலிருந்தே டிக்கன்ஸ் பெரிதும் பெற்றார். தென்பகுதியிற் சிறிது தூரமே சென்று ரிச்மண்டிலிருந்து திரும்பிவிட்ட அவருக்குத் தம் கண்ணைவிட ஆவணமே துணைநின்றது. அந்த அத்தியாயத்தின் ஆற்றலும் அதுவே. ஆனால் லொவெல் அத்தியாயமும் இந்த அத்தியாயமும் ஒன்றையொன்று அறியாதனபோல நிற்கின்றன. லொவெலின் தறிகளில் ஓடிய பஞ்சு தென்பகுதி அடிமைகள் பறித்த பஞ்சாகும். அந்த நூலிழை டிக்கன்ஸின் கையில் அகப்படவில்லை. தனித்தனித் தீமைகளைக் கண்டு கொதித்த அவரது மனிதாபிமானம், அவற்றைப் பிணைத்த உற்பத்தி உறவுகளைக் காணவில்லை.

ஹரியற் மாட்டினோ 1834 முதல் 1836 வரை அமெரிக்காவிலே பயணஞ் செய்து, 1837இல் ‘அமெரிக்காவிலே சமூகம்’ என்னும் நூலை வெளியிட்டார். முதல் மனப்பதிவுகளை நம்புதல் தகாதென உணர்ந்து, அவதானிப்புக்கு ஒரு முறையியல் வேண்டுமென வற்புறுத்தியவர் அவர். அமெரிக்க வாழ்வை இங்கிலாந்தின் நடைமுறைகளைக் கொண்டு அளவாது, அந்நாட்டின் சுதந்திரப் பிரகடனம் கூறிய கோட்பாடுகளைக் கொண்டே அளந்தார். அவ்வளவுகோலாற் பெண்களின் அரசியல் இன்மை அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. 1835இல் பொஸ்டனிலே அடிமை ஒழிப்பாளர் கூட்டமொன்றிற் பேசியதனால் அவர் பகைமைக்கும் ஆளானார். ஆயின் தடையற்ற வணிகப் பொருளியலின் பரப்புரையாளராகிய அவர், பூர்ஷுவாப் புரட்சியின் கோட்பாடுகளை என்றுமுள்ள உண்மைகளாகக் கொண்டார். கோட்பாட்டுக்கும் நடைமுறைக்கும் இடையிலான முரண்பாட்டைக் கண்ட அவர், அக்கோட்பாட்டின் உள்ளேயே இருந்த முரண்பாட்டைக் காணவில்லை.

நடிகையான ஃபனி கெம்பிள் 1832இல் அமெரிக்காவை அடைந்தார். 1835இல் வெளிவந்த அவரது முதல் நாட்குறிப்பு வழமையான பயண நூல்களின் தன்மையிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று. அவர் மணந்த பியர்ஸ் பட்லர் ஜோர்ஜியாவிலே நெல்லும் பஞ்சும் விளைந்த தோட்டங்களுக்கு உரித்தாளியானார். 1838-39 குளிர்காலத்தை அத்தோட்டங்களிலே கழித்தபோது கெம்பிள் எழுதிய நாட்குறிப்பு முற்றிலும் வேறானதொன்று. பிரசவத்தின் பின் ஓய்வு நாட்களைக் கூட்டித் தருமாறு அடிமைப் பெண்கள் அவரிடம் வந்து இரந்தனர். அவர்களுடைய முறைப்பாடுகளை இனித் தம்மிடம் கொண்டுவரலாகாதெனக் கணவர் தடுத்தார். தாம் உண்ணும் உணவும் உடுக்கும் உடையும் இப்பெண்களின் உழைப்பிலிருந்து வருவன என்பதை உணர்ந்தபோது, பார்வையாளர் என்ற நிலை கெம்பிளுக்கு இல்லாதொழிந்தது. கறுப்பின மக்களைப் பற்றிய இழிவான சொற்கள் இந்நூலிலும் உள. ஆயினும் மனப்பதிவு முடிந்து உறவு தொடங்கிய இடத்திலேயே உண்மை தொடங்கியது. உள்நாட்டுப் போரின்போது ஆங்கிலப் பொதுசன அபிப்பிராயம் தென்பகுதியின்பால் சாய்வதைக் கண்டு, 1863இலேயே அவர் இதனை வெளியிட்டார்.

அடிமை முறைமையைக் கண்டித்த ஆங்கிலப் பயணிகளிடம் ஒழுக்கப் பெருமிதம் ஒன்று காணப்பட்டது. 1833ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிரித்தானியா தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறைமையை ஒழித்தபோது, இரண்டு கோடி பவுண் இழப்பீடு அடிமைகளுக்கன்றி உடைமையாளருக்கே வழங்கப்பட்டது. லங்காஷயரின் ஆலைகளோ தொடர்ந்தும் அமெரிக்க அடிமைகளின் பஞ்சையே பெரிதும் நம்பியிருந்தன. உள்நாட்டுப் போரினாற் பஞ்சு வரவு தடைப்பட்டு ஆலைகள் மூடப்பட்ட நிலையிலும், 1862 டிசம்பர் 31இல் மன்செஸ்டரிலே கூடிய தொழிலாளர் அடிமை ஒழிப்பை ஆதரித்து லிங்கனுக்குச் செய்தி அனுப்பினர். அடுத்த மாதம் லிங்கன் பதில் எழுதினார். லங்காஷயர்த் தொழிலாளர் அனைவரும் ஒரே நிலைப்பாட்டில் நின்றனர் என நாம் கூறவில்லை. ஆனால் அன்று கூடியோரிற் பெரும்பாலார் அமெரிக்காவைக் கண்டவரல்லர். அதுபற்றிய முதல் மனப்பதிவு எதுவும் அவர்களிடம் இருந்திருக்க முடியாது. அவர்கள் கையிலே அந்தப் பஞ்சு இருந்தது. லொவெலிலே டிக்கன்ஸ் தவறவிட்ட இழையை அவர்கள் பற்றியிருந்தனர்.

இம்முடிவு எமக்கும் உரியதே. அழைப்பை ஏற்று ஒரு நாட்டுக்குச் சென்று, காட்டப்பட்ட ஆலையை ஒரு பகலிற் பார்த்து மகிழ்ந்து எழுதும் வழக்கம் முற்போக்காளரிடையேயும் இருந்துவந்துள்ளது. நட்புணர்வோடு எழுதப்பட்டமையால் அவ்வெழுத்துக்கள் உண்மையாகிவிடா. பகையுணர்வோடு எழுதப்பட்டமையால் ட்ரொலப்பின் நூல் முற்றிலும் பொய்யாகிவிடாதது போலவே. பயண இலக்கியத்தை மதிப்பிடுவோர் ஆசிரியர் எதனைப் புகழ்ந்தார், எதனை இகழ்ந்தார் என்று கணக்கிடுவதைவிட, தாம் கண்ட பொருள் எவருடைய உழைப்பால் வந்தது என அவர் வினவினாரா என்று கேட்பதே தக்கதாகும்.