சுத்தியல் யார் தலையில்?

பழிக்குப் பழி என்பது பழைய பாட்டு. அதை ஆறு குறுங்கதைகளாக்கி, ஒரே படமாகக் கோத்து, 2014-ஆம் ஆண்டு உலகின் முன் வைத்தார் அர்ஜென்டினா நாட்டு இயக்குநர் டமியான் சிஃப்ரோன். ஆங்கிலத்தில் 'வைல்ட் டேல்ஸ்' என வழங்கும் அப்படம் ஆஸ்கர் பரிசுக்கான இறுதிப் பட்டியலிலும் இடம்பெற்றது. கைதட்டத் தகுந்த படந்தான். ஆனால் தோழர்களே, எதற்குக் கைதட்டுகிறோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

நான்காம் கதையின் நாயகன் சிமோன், கட்டடங்களை வெடிவைத்துத் தகர்க்கும் பொறியாளன். தடைக்குறி தெரியாத இடத்தில் நின்ற அவன் காரை இழுத்துச் செல்கின்றனர். அபராதம் கட்டினால்தான் கார்! முறையிடுகிறான், கேட்பாரில்லை. வேலை போகிறது, மனைவி பிரிகிறாள். காரில் வெடிமருந்தை நிரப்பி, அதை அவர்களே இழுத்துச் செல்லவிட்டு, அவர்களது இடத்திலேயே வெடிக்கச் செய்கிறான். உயிர்ச்சேதம் இல்லை. மக்கள் அவனை வீரன் என்கின்றனர். சிறைக்கே பிறந்தநாள் கேக் வருகிறது. நம் உள்ளமும் குளிர்கிறது. ஆனால், அந்த அபராத ஆட்சி ஒழிந்ததா? படம் கேட்கவில்லை. வெடியோசை விடையாகிவிடுமா?

அடுத்த கதை விடை தருகிறது. செல்வச் சீமானின் மகன், கருவுற்ற பெண் ஒருத்தியைக் காரால் மோதிக் கொன்றுவிட்டு வீடு சேர்கிறான். சீமான் தன் தோட்டக்காரனை அழைக்கிறான்: பழியை நீ ஏற்றுக்கொள், 5 லட்சம் டாலர் தருகிறேன்! வழக்கறிஞனுக்கு ஒரு பங்கு. காரின் கண்ணாடிகளைப் பார்த்தே சூழ்ச்சியைக் கண்டுபிடித்த அரசு வழக்கறிஞனுக்கும் ஒரு பங்கு. பிணத்தின்மீது பேரம்! உண்மையைச் சொல்லிவிடத் துடிக்கும் மகனின் மனச்சான்றுக்கு மட்டும் அந்தச் சந்தையில் விலையில்லை. பேரம் படிகிறது. தோட்டக்காரனை வெளியே அழைத்து வருகின்றனர். இறந்தவளின் கணவன் சுத்தியலுடன் பாய்கிறான். அடி விழுகிறது, ஏழையின் தலையில்!

அந்தக் கணவனின் துயரம் பொய்யா? இல்லை. சினம் தவறா? அதுவுமில்லை. ஆனால், அச்சினத்திற்கு இலக்கைத் தேர்ந்து கொடுத்தது பணம்! சீமானின் மேனியிலோ கீறலும் இல்லை.

வெடிக் கதை சினத்திற்கு விருந்து வைக்கிறது. சுத்தியல் கதை சினத்தை விசாரணைக் கூண்டில் ஏற்றுகிறது. முன்னது களிப்பு, பின்னதே கலை. தீயோனுக்குத் தெய்வம் கூலி கொடுக்கும் எனக் காத்திருப்பது ஒரு மயக்கம். கைக்கு அகப்பட்டவனை அடித்துவிட்டு நீதி கிடைத்ததென நிறைவடைவது மற்றொரு மயக்கம். இரண்டிலும் தப்புகிறவன் ஒருவனே. அவனைக் காட்டிக் கொடுக்கச் சினம் மட்டும் போதாது, பகுத்தறிவு வேண்டும்.