ஹிரோஷிமாவும் நெவேரும்: போர்க்காலக் காதல் பற்றி ஒரு நோக்கு

போர்க்காலக் காதலைப் பொருளாகக் கொண்ட படைப்புகளுட் பல, காதலரை அவர்தம் சமூகங்களினின்றும் பிரித்தெடுத்து, 'மனிதப் பொதுமை' என்னும் வெளியிலே நிறுத்திவிடுகின்றன. போர் ஏன் மூண்டது, எவர் நலனுக்காக நடந்தது என்னும் வினாக்கள் அங்கு எழுவதில்லை. அலன் ரெனேயின் நெறியாள்கையில் 1959இல் வெளிவந்த 'ஹிரோஷிமா மொன் அமூர்' என்னும் திரைப்படத்தையும் இவ்வரிசையிற் சேர்ப்போர் உளர். அக்கருத்தை நாம் முழுமையாக ஏற்பதற்கில்லை.

மார்கரித் துராஸ் எழுதிய திரைக்கதை இரு காதல்களைப் பிணைக்கின்றது. சமாதானம் பற்றிய படமொன்றில் நடிப்பதற்காக ஹிரோஷிமாவுக்கு வந்த பிரெஞ்சு நடிகை, ஜப்பானியக் கட்டடக் கலைஞன் ஒருவனோடு உறவு கொள்கிறாள். போர்க்காலத்தில் நெவேர் நகரில் ஜேர்மன் படைவீரன் ஒருவனைத் தான் காதலித்த கதையை அவனுக்குக் கூறுகிறாள். நகரின் விடுதலைத் தறுவாயில் அவ்வீரன் சுடப்பட்டு இறந்தான். அவளது தலைமயிர் மழிக்கப்பட்டது. பெற்றோர் அவளை நிலவறையில் அடைத்தனர்.

இம்மழிப்புக் காட்சியிலேயே படத்தின் சமூக உண்மை பொதிந்துள்ளது. விடுதலைக் காலத்தில் பிரான்சில் ஆயிரக்கணக்கான பெண்கள் இவ்வாறு பகிரங்கமாக இழிவுபடுத்தப்பட்டனர். ஆக்கிரமிப்பாளரோடு வணிகஞ் செய்து பொருளீட்டிய ஆடவருட் பலர் இத்தகைய இழிவுக்கு ஆளாகவில்லை. தேசத்தின் மானம் பெண்ணுடல் மீது சுமத்தப்பட்டமையை ரெனே மறைக்கவில்லை. ஆகவே, இக்காதல் அரசியலுக்கு அப்பாற்பட்டதன்று.

எனினும், குறைபாடொன்றை நாம் சுட்டுதல் வேண்டும். ஜேர்மன் வீரன் பெரும்பாலும் பேச்சற்றவனாகவே தோன்றுகிறான். அவன் சார்ந்த படையின் கொடுமைகள் காட்டப்படவில்லை. ஜப்பானியனின் நிலையோ மேலும் சிந்தனைக்குரியது. குண்டு விழுந்தபோது அவன் போர்முனையில் இருந்தான். குடும்பத்தினர் ஹிரோஷிமாவில் இருந்தனர். ஆயின் அவர்களைப் பற்றிய கதை விரிக்கப்படுவதில்லை. தேநீர்ச்சாலைக் காட்சியில் அவன் இறந்த ஜேர்மானியனின் இடத்தில் நின்று, 'நான்' எனப் பேசுகிறான். தன் இழப்பைக் கூறவேண்டியவன் பிறிதொருவனின் குரலாகிவிடுகிறான். ஐரோப்பிய நினைவு பேசுகின்றது. ஆசியத் துயரம் செவிமடுக்கின்றது.

இதனை ரெனே அறியாதிருந்தார் என்று கூறுவதற்கில்லை. முதலில் அணுகுண்டு பற்றிய விவரணப் படமே அவரிடம் கோரப்பட்டிருந்தது. படத்தின் தொடக்கத்தில் மருத்துவமனையையும் நூதனசாலையையும் கண்டதாக அவள் கூறக்கூற, அவன் மறுத்துக்கொண்டேயிருக்கிறான். காட்சிப் பொருளாகிவிட்ட அழிவைக் காண்பது வேறு, அதனை அறிவது வேறு என்னும் இவ்வெச்சரிக்கை, படத்தின் மீதே திரும்பும் விமர்சனமுமாகும்.

இறுதியில் இருவரும் தத்தம் ஊர்ப்பெயராலேயே ஒருவரையொருவர் அழைக்கின்றனர். காதல் வரலாற்றை அழித்துவிடவில்லை. அவர்களது பெயராகவே அது எஞ்சுகின்றது. ஆயின் நெவேரின் கதையை நாம் அறிவோம். ஹிரோஷிமா எனப் பெயர்பெற்றவனின் கதையை அறியோம். இப்படைப்பின் பெருமையும் வரம்பும் இதுவே.