பத்தொன்பது பெட்டி

நாமக்கல் என்றால் தமிழ்நாட்டுக்கு மூன்று விஷயம் ஞாபகம் வரும். முட்டை, லாரி, பள்ளிக்கூடம். கணக்குப் பிரியர்களுக்கு நாலாவதாக ஒன்று உண்டு: நாமகிரித் தாயார். கணித மேதை ராமானுஜன் குடும்பத்தின் குலதெய்வம். சூத்திரங்களைக் கனவில் வந்து தாயார்தான் சொல்லித் தருகிறாள் என்று ராமானுஜன் சொன்னதாக, அவர் வாழ்க்கையை எழுதிய பலரும் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு டிசம்பர் 22-ம் தேதியும் நம் பத்திரிகைகள் இந்தக் கனவையும், 1729 என்ற டாக்ஸி நம்பரையும் தூசு தட்டி எடுத்துப் போடும். ராமானுஜன் பிறந்த நாள் கொண்டாட்டம் ஓவர். மறுநாளிலிருந்து கணக்கு பற்றிப் பேச்சே இருக்காது.

நமக்குக் கணக்கு என்றால் ஒன்று அதிசயம், இல்லாவிட்டால் மார்க். இரண்டுக்கும் நடுவே ஆட்கள் உட்கார்ந்து வருஷக்கணக்கில் வேலை பார்க்கிறார்களே, அதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. வெள்ளிக்கிழமை ரிலீஸாகும் படத்துக்கு சனிக்கிழமை விமர்சனம் எழுதுகிறோம். ஒரு தேற்றத்துக்கு எழுதினால் என்ன? நான் படித்தது பி.காம்.தான். பரவாயில்லை, சினிமா விமர்சனம் எழுதுகிறவர்கள் எல்லோரும் கேமரா பிடித்தவர்களா என்ன!

முதலில், தயாரிப்பு நிறுவனம். சென்னையில் அல்லாடி ராமகிருஷ்ணன் என்ற இயற்பியல் பேராசிரியர் தன் வீட்டிலேயே இளைஞர்களைச் சேர்த்து வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். 1960-ல் இந்தியா வந்த நீல்ஸ் போர் அதை நேரில் பார்த்து அசந்துபோய்ப் பாராட்டினார். அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் நம் கொங்குப் பக்கத்து சி. சுப்பிரமணியம். அவர் ஆர்வம் காட்ட, நேருவும் தலையசைக்க, 1962 ஜனவரி 3-ம் தேதி கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. தொடங்கிவைத்தவர், பிற்பாடு 1983-ல் நோபல் வாங்கிய எஸ். சந்திரசேகர். இன்றைக்குத் தரமணியில், மத்திய அணுசக்தித் துறையின் ஆதரவில் இயங்குகிறது. கணிதம், கோட்பாட்டு இயற்பியல், கோட்பாட்டுக் கணினியியல் எல்லாம் அங்கே நடக்கிறது.

இப்போது கதைக்கு வருவோம். நீங்கள் நாமக்கல்லில் ஒரு முட்டை வியாபாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் உள்ள அட்டைப்பெட்டிகள் விசித்திரமானவை. ஒரு முட்டை பிடிக்கிற பெட்டி, 16 பிடிக்கிற பெட்டி, 81, 256, 625... அதாவது, ஒரே எண்ணை நான்கு முறை பெருக்கினால் வருகிற அளவுகள் மட்டும். 2×2×2×2 என்றால் 16. 3×3×3×3 என்றால் 81. பெட்டி பாதி காலியாகப் போகக்கூடாது, முழுசாக நிரம்ப வேண்டும்.

ஒருவர் 79 முட்டை கேட்கிறார். 81 பெட்டி ஆகாது. 16 பெட்டி நாலு போட்டால் 64. மீதி 15 முட்டைக்கு ஒற்றைப் பெட்டி 15. ஆக மொத்தம் 19 பெட்டி. இதைவிடக் குறைத்து அனுப்ப வழியே இல்லை.

கேள்வி இதுதான்: எத்தனை லட்சம், எத்தனை கோடி முட்டைக்கு ஆர்டர் வந்தாலும் 19 பெட்டிக்குள் அடக்கிவிட முடியுமா?

'முடியும்' என்று எட்வர்டு வாரிங் என்ற ஆங்கிலேயர் 1770-ல் எழுதிவைத்தார். நிரூபணம் தரவில்லை. எப்போதும் போதுமான ஓர் உச்சவரம்பு உண்டு, அது 53-ஐத் தாண்டாது என்று 19-ம் நூற்றாண்டில் லியூவில் காட்டினார். அப்புறம் ஒவ்வொருவராக வந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். இதே கேள்வியை நான்குக்குப் பதில் ஆறு முறை பெருக்கி வரும் எண்களுக்குக் கேட்டால் விடை 73. அதை 1940-ல் முடித்தவர் நம் எஸ்.எஸ். பிள்ளை. ஐந்து முறைக்கு 37 என்று 1964-ல் சீனாவின் சென் ஜிங்ருன் முடித்தார். நாலு மட்டும் சண்டித்தனம் பண்ணிக்கொண்டே இருந்தது.

ஆர். பாலசுப்ரமணியன் அதை முதலில் 21-க்கு இறக்கினார். அப்புறம் 20. கடைசியில் 1986-ல், பிரான்ஸின் தெசுயே, திரெஸ் இருவரோடு சேர்ந்து 19-ல் கொண்டுவந்து நிறுத்தினார். தரமணி நிறுவனத்துக்குப் பிற்காலத்தில் இயக்குநரானவரும் இதே பாலசுப்ரமணியன்தான். வாரிங் எழுதியதிலிருந்து கணக்குப் போட்டால் 216 வருஷம்.

படத்தின் பலம் எது? பி.காம். படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆடிட்டில் 'டெஸ்ட் செக்' என்று ஒன்று உண்டு. ஆயிரம் வவுச்சரில் ஐம்பதைப் பார்ப்போம். சரியாக இருந்தால் கையெழுத்து. ஊர் உலகம் அப்படித்தான் ஓடுகிறது. கணிதத்தில் இந்தப் பாச்சா பலிக்காது. ஒரு கோடி ஆர்டரைச் சரிபார்த்துவிட்டேன் என்றாலும், 'ஒரு கோடியே ஒன்று?' என்று கேட்பார்கள்.

இதில் சுவாரசியம் என்னவென்றால், முழுசாக 19 பெட்டி கேட்கிற எண்கள் மொத்தமே ஏழுதான். 79, 159, 239, 319, 399, 479, 559. அவ்வளவுதான். ஒரு பிளஸ் டூ பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இந்த ஏழையும் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் இருபதாவது பெட்டி கேட்கிற எண் எங்கேயும் ஒளிந்திருக்கவில்லை என்று அடித்துச் சொல்லத்தான் 216 வருஷம் ஆனது. 'தெரியும்' என்பதற்கும் 'நிச்சயமாகத் தெரியும்' என்பதற்கும் நடுவே இருக்கிற தூரம் அது.

இன்னொரு விஷயம். மிகப் பெரிய எண்களை மடக்க இவர்கள் எடுத்த ஆயுதத்தின் பெயர் வட்ட முறை. அதன் ஆரம்பம், ராமானுஜனும் ஹார்டியும் 1918-ல் வெளியிட்ட கட்டுரை. டிசம்பர் 22-ம் தேதி பத்திரிகையில் வர வேண்டிய செய்தி இது. அவர் செய்துவைத்த கருவி, அவர் போய் அறுபத்தாறு வருஷம் கழித்தும் வேலை செய்தது.

குறை உண்டா? உண்டு. வட்ட முறை எட்டாத எண்களுக்குக் கம்ப்யூட்டரைத் துணைக்கு அழைத்திருக்கிறார்கள். காகிதத்தில் மட்டுமே முடிய வேண்டும் என்கிற பழைய ஆசாமிகளுக்கு இது கொஞ்சம் நெருடும். அப்புறம், இதனால் முட்டை விலை பத்து பைசாகூடக் குறையாது. 'எண் கணிதத்தால் யாருக்கும் உபயோகம் இல்லை' என்று ஹார்டியே பெருமைப்பட்டவர். பிற்பாடு அதே எண் கணிதத்திலிருந்துதான் பேங்க் பாஸ்வேர்டைக் காக்கிற பூட்டு வந்தது. அதற்காக இந்தத் தேற்றத்துக்கும் ஒருநாள் லாட்டரி அடிக்கும் என்று நான் பில்டப் கொடுக்கப் போவதில்லை. ஒரு கேள்வி முடிந்தது என்பதே இதன் லாபம்.

சரி, இதையெல்லாம் ஏன் சேலம், நாமக்கல் பக்கம் வைத்துப் பேசுகிறேன்? நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பள்ளிகளுக்கு மாநிலம் முழுக்க இருந்து பிள்ளைகளை அனுப்பினார்கள். நகையை அடகு வைத்து ஃபீஸ் கட்டிய குடும்பங்கள் எத்தனையோ. போர்டில் வரிசையாகப் போட்டோக்கள். கணக்கில் 200-க்கு 200. இப்போது 100-க்கு 100. பல பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தையே விழுங்கிவிட்டு நேராக பிளஸ் டூவுக்குத் தாவியதால், 2018-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைக்க வேண்டி வந்தது. அந்தப் பிள்ளைகளின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ராத்திரி பதினொன்று வரை உட்கார்ந்து படித்தவர்கள். ஆனால் அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட ஒவ்வொரு கணக்குக்கும் விடை புத்தகத்தின் பின்னால் இருந்தது. விடையே இல்லாத கணக்கு ஒன்று உண்டு, அதோடு மல்லுக்கட்ட சம்பளம் கொடுக்கிறார்கள், அந்த இடம் தரமணியில் இருக்கிறது என்று எத்தனை பேருக்குச் சொன்னோம்?

ராமானுஜன் கல்லூரியில் கணக்கு தவிர மற்ற பாடங்களில் கோட்டைவிட்டு எஃப்.ஏ. தேறாதவர். இன்றைக்கு எந்த போர்டிலும் அவர் போட்டோ ஏறாது.

சென்ட்டம் எடுக்கிற பிள்ளைகளில் நூற்றுக்கு ஒன்றாவது இந்தப் பக்கம் திரும்பினால் போதும். சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் நிறுவனம் இருக்கிறது. பிளஸ் டூ முடித்தவர்கள் நுழைவுத் தேர்வு எழுதி பட்டப்படிப்பிலேயே சேரலாம். அப்பாக்கள் இந்தப் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பையனிடமோ பெண்ணிடமோ கேளுங்கள்: '159 முட்டைக்கு ஆர்டர் வந்திருக்கிறது, எத்தனை பெட்டி?' விடை தெரிந்ததும் கைதட்டிவிட்டுத் தூங்கப் போய்விடாதீர்கள். அதைவிடக் குறைவான பெட்டியில் ஏன் முடியாது என்றும் கேட்டுவிடுங்கள்.