விசையின் சிறு பட்டியலும் நமது நீத்துப்பெட்டியும்

கலைப்பொருளை ஆக்குவோர் ஒருவராகவும் சந்தைக்குக் கொணர்வோர் வேறொருவராகவும் பிரியும்போது, எவருடைய வாழ்வு கலையாக வேண்டும் என்பதை வெளியீட்டாளரே தீர்மானிக்கின்றனர். அச்சுநூலின் வரலாறு காட்டும் இவ்வுண்மை, இன்று நம் மாணவரின் பொழுதை ஆட்கொண்டுள்ள வீடியோ விளையாட்டுக்கும் பொருந்தும். ஆகவே அதனைச் சிறுபிள்ளை விடயமென ஆசிரியர்கள் ஒதுக்கிவிடல் தகாது.

இத்துறையின் முக்கிய திருப்பம் உழைப்போரின் மனக்குறையிலேயே பிறந்தது. அமெரிக்காவின் அற்றாரி நிறுவனம் விளையாட்டுகளை ஆக்கியோரின் பெயர்களை மறைத்தது. விற்பனையின் பயனிலும் உரிய பங்கு தரவில்லை. டேவிட் கிரேன், அலன் மில்லர் உள்ளிட்ட நால்வர் வெளியேறி, 1979இல் அக்டிவிஷன் என்னும் வெளியீட்டகத்தைத் தொடங்குவதில் பங்குகொண்டனர். ஆக்கியோர் பெயர் அங்கு மதிப்புப் பெற்றது. ஆயினும் மூலதனத்தின் விதி வேறு. 2003இல் தொடங்கிய 'கோல் ஒவ் டியூட்டி' என்னும் போர் விளையாட்டுத் தொடரே அதன் பெரும் வருவாயாயிற்று. 2023இல் அந்நிறுவனம் ஏறத்தாழ 6,900 கோடி அமெரிக்க டொலருக்கு மைக்ரோசொப்டின் உடைமையாயிற்று. ஷெல்வீச்சில் கூரையிழந்த மண்ணின் பிள்ளைகளுக்கும் போர் இன்று பொழுதுபோக்காகவே விற்கப்படுகிறது.

இப்பின்னணியில்தான் ரொறன்ரோவில் அபி என்னும் தமிழரும் அவர்தம் தோழர்களும் இயக்கும் 'விசை' நிறுவனத்தை நோக்க வேண்டும். அது தன் ஆக்கத்தைத் தானே வெளியிட்டது. அதன் பட்டியலில் பெரும்புகழ் பெற்றது, 2023 யூலையில் வெளிவந்த 'வெண்பா' ஒன்றே. 2024இல் பிரித்தானியாவின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டாக அது தெரிவாயிற்று. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடா சென்ற குடும்பத்தின் கதை அது. தாயின் சிதைந்த சமையற் குறிப்பேட்டில் அழிந்துபோன படிகளை ஊகித்து, இட்டலியும் புட்டும் பிரியாணியும் சமைப்பதே ஆடுவோர் பணி. இங்கு கொல்லப்படுவோர் எவருமில்லை. மகனின் நாவிலிருந்து மெல்லத் தேய்ந்து மறையும் மொழியே இழப்பு. இவ்விழப்பைச் சொற்பொழிவாக்காது, அடுப்பின் முன் நிற்கும் கைகளின் செயலாக்கியமை இவ்வாக்கத்தின் உண்மையான வெற்றி.

குறையும் உண்டு. புலம்பெயர்ந்தோரின் வேலையின்மையும் அவமதிப்பும் கதையில் தோன்றினும், அவை குடும்பப் பாசத்தின் வெம்மையில் விரைவிற் கரைந்துவிடுகின்றன. கூலியையும் குடிவரவுச் சட்டத்தையும் நிர்ணயிக்கும் சக்திகள் திரைக்குப் பின்னே நிற்கின்றன. சுமார் ஒன்றரை மணி நேரத்தில் முடிவுறும் ஆக்கத்தில் எல்லாம் அடங்காது என்பது நியாயமே; எனினும் விமர்சகர் அதைக் கூறாதிருத்தல் நேர்மையன்று.

அதே காலத்தில் நம்மவரும் கனடா சென்றனர். 1983 யூலை வன்செயலின் பின் பலர் நாடு நீங்கினர். 1986 ஆகஸ்டில் நியூபவுண்லாந்துக் கடலில் 155 தமிழர் இரு உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்டனர். அவர்தம் அன்னையர் புட்டவித்தது குழலிலன்று, பனையோலை நீத்துப்பெட்டியில். அக்கதையை விசை சொல்லவில்லையென முறையிடுதல் வீண். அது அவர்கள் கடமையன்று, நம் கடமை.

பெருநிறுவனத்தின் நீண்ட பட்டியலில் நமக்கு இடமில்லை. ஆனால் ஒரு சிறு குழு தன் வாழ்வைத் தானே வெளியிட முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது. கணினி பயிலும் யாழ்ப்பாணத்து மாணவன் அயலார் போரில் சுடுவதை நிறுத்தி, தன் தாயின் அடுக்களைக்குள் ஒருமுறை நோக்குவானாக.