சால்டரிங் இல்லாத கிட்டார் பெடல்: பாதி உண்மை

கிட்டார் எஃபெக்ட்ஸ் பெடலை சால்டரிங் இல்லாமலே வீட்டில் செய்யலாம் என்கிறார்கள். சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதியில் மாட்டித்தான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். நானும் விட்டவன்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிடறேன். இன்று நாம் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பிரெட்போர்டு 1971-இல் அமெரிக்காவின் ஈ அண்ட் எல் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் ரொனால்ட் போர்ச்சுகல் வடிவமைத்தது. 2.54 மி.மீ. இடைவெளியில் ஓட்டைகள், ஐந்து ஓட்டைக்கு அடியில் ஒரு உலோகக் கிளிப், நடுவில் ஐ.சி. உட்கார ஒரு பள்ளம். ஒரு பாகத்தைப் பிடுங்கி இன்னொன்றைச் செருகப் பத்து விநாடி போதும். காதால் தீர்ப்புச் சொல்லும் வேலைக்கு இதைவிட என்ன வேணும்?

எம்.எக்ஸ்.ஆர். டிஸ்டார்ஷன் பிளஸ் பெடலையே எடுத்துக்கோங்க. நாம பி.இ. லேபில் செய்த அதே 741 நான்-இன்வெர்ட்டிங் ஆம்ப்ளிஃபையர்தான். லேபில் ±15 வோல்ட். இங்கே ஒரு 9 வோல்ட் பேட்டரி. ஃபீட்பேக்கில் 1 மெகா ஓம், கிரவுண்ட் பக்கம் 4.7 கிலோ ஓம்: கெயின் அதிகபட்சம் சுமார் 213. அவுட்புட்டில் எதிரெதிராக இரண்டு ஜெர்மானியம் டயோடு, சிக்னலின் தலையை 0.3 வோல்ட் பக்கத்தில் வெட்டும். ஏ.எம். டிடெக்டருக்குக் கொடுப்பாங்களே, அந்த ஓ.ஏ.79-உம் ஜெர்மானியம்தான். அதை எடுத்துவிட்டு சிலிக்கான் 1என்4148 போட்டால் வெட்டு 0.6 வோல்ட்டுக்கு நகரும். சத்தம் கூடும், ஓசையின் குணமே மாறும். லேபில் இந்த வெட்டை ஆசிலாஸ்கோப்பில் பார்த்து ரெக்கார்டு நோட்டில் வரைந்தோம். அது எப்படி ஒலிக்கும் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இனி குறை. ஜாக், பொட்டென்ஷியோமீட்டர், கால் ஸ்விட்ச், பேட்டரி எல்லாத்தையும் போர்டிலேயே செருகச் சொல்வதுதான் தப்பு. கை படும்போதெல்லாம் அசைகிற பாகங்கள் இவை. அந்தச் சின்னக் கிளிப் அந்த இழுப்பைத் தாங்காது. என் முதல் பெடலில் ஒரே இரைச்சல். மூன்று நாள், கிரிவலம் போன தடவையைவிட அதிகமாக சர்க்யூட்டைச் சுற்றி வந்தேன். ஐ.சி.-யை மாற்றினேன். கணக்கைத் திரும்பப் போட்டேன். எனக்கு எலக்ட்ரானிக்ஸ் வராது என்று முடிவுகட்டி மூட்டை கட்டிட்டேன். வருஷங்கள் கழித்துத் திறந்து பார்த்தால், சர்க்யூட் சரி. ஜாக்கின் கிரவுண்ட் ஒயர் ஓட்டையில் தளர்ந்து கிடந்தது.

அசைவதையும் மாறுவதையும் பிரிக்கணும். இரண்டு ஜாக், பேட்டரி, பைபாஸ் ஸ்விட்ச், மூன்று பொட்டென்ஷியோமீட்டர், இவற்றை ஒரு டப்பாவில் ஒரே ஒருமுறை சால்டர் பண்ணிடுங்க. அதிலிருந்து ஒற்றைக் கம்பி ஒயர்கள் மட்டும் போர்டுக்கு வரட்டும். 741-இல் உள்ளே போகும் 3-ஆம் காலும் வெளியே வரும் 6-ஆம் காலும் எதிரெதிர்ப் பக்கம். ஒயர்களையும் அப்படியே பிரித்து வையுங்க. இவ்வளவு கெயினில் இரண்டும் உரசிக்கொண்டு போனால் கீச்சிடலாம். நீளமான போர்டுகள் பலவற்றில் பவர் வரிசை நடுவில் துண்டாகியிருக்கும். மீட்டர் வைத்துப் பாருங்க.

‘சால்டர் பண்ணத்தான் போறோம்னா பிரெட்போர்டு எதுக்கு?’ என்று கேட்கலாம். டப்பா ஒருநாள் வேலை. அதன்பிறகு எத்தனை சர்க்யூட் வேண்டுமானாலும் மாற்றி மாற்றிக் கேட்கலாம். சத்தம் வரலைன்னா தப்பு சர்க்யூட்டிலா ஒயரிலா என்ற குழப்பமும் பாதியாகக் குறையும். கற்றுக்கொள்கிறவருக்கு அந்தத் தெளிவைக் கொடுக்காத மேடை, எவ்வளவு சுலபமாக இருந்தாலும், ஆளைத்தான் விரட்டும்.