இயந்திரம் படிக்கும், பதில் யார் சொல்வது?

ஜே.பி.மார்கன் சேஸ் வங்கி 'காயின்' என்றொரு மென்பொருளைப் பயன்படுத்துவது 2017-இல் செய்தியானது. வணிகக் கடன் ஒப்பந்தங்களைப் படித்து, வேண்டிய விவரங்களைப் பிரித்தெடுப்பது அதன் வேலை. அதற்கு முன் வங்கியின் வக்கீல்களும் கடன் அதிகாரிகளும் ஆண்டுக்கு 3,60,000 மணி நேரம் அந்த வேலையில் உட்கார்ந்திருந்தார்கள். சட்டப் பிரிவுக்கு இயந்திரம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு அந்த ஒரு எண்ணே பதிலாகிவிட்டது.

பெரிய நிறுவனத்தின் சட்டப் பிரிவு நீதிமன்றத்தில் வாதாடும் நேரத்தைவிடக் காகிதம் புரட்டும் நேரமே அதிகம். எந்த ஒப்பந்தம் எப்போது காலாவதியாகிறது, எந்த ஷரத்தில் இழப்பீட்டுப் பொறுப்பு ஒளிந்திருக்கிறது என்று தேடித்தேடியே நாள் போகும். வழக்கு வந்துவிட்டாலோ லட்சக்கணக்கான மின்னஞ்சல்களை அலச வேண்டும். வெளியிலிருந்து அமர்த்தும் வக்கீல்கள் அதற்கு மணிக்கணக்கில் கட்டணம் வாங்குவார்கள்.

இந்த இடத்தில் மென்பொருளின் பலத்தை மறுக்க முடியாது. பப்ளிசிஸ் விளம்பரக் குழுமத்துக்கு எதிரான வழக்கில், கணினி துணையோடு ஆவணங்களை அலசலாம் என்று அமெரிக்க நீதிபதி ஆண்ட்ரூ பெக் 2012-இல் ஒப்புக்கொண்டார். அனுபவமுள்ள வக்கீல் ஒருவர் மாதிரி ஆவணங்களைப் படித்து, இது தொடர்புள்ளது, இது இல்லாதது என்று குறித்துக் கொடுப்பார். அதைப் பார்த்துக் கற்கும் மென்பொருள் மீதியைத் தரம் பிரிக்கும். ஒதுக்கப்பட்ட குவியலில் சிலவற்றை எடுத்துப் பார்த்தாலே அது எவ்வளவு தவறவிட்டது என்று தெரிந்துவிடும். முதலில் குறித்தவர் தவறினால் மென்பொருளும் தவறும். ஆனால் அந்தத் தவறைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது.

மென்பொருளை விற்பவர்கள் விளம்பரத்துக்குச் சொல்லும் கணக்குகளை மட்டும் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பது நல்லது. 2018-இல் லாகீக்ஸ் நிறுவனம் ஐந்து ரகசியக்காப்பு ஒப்பந்தங்களைத் தன் மென்பொருளிடமும் 20 வக்கீல்களிடமும் கொடுத்தது. மென்பொருளின் துல்லியம் 94 சதவீதம், வக்கீல்களின் சராசரி 85. அவர்களுக்குச் சராசரியாக 92 நிமிடம் ஆனது. மென்பொருளுக்கு 26 விநாடி. வியப்பான கணக்குதான். ஆனால் சோதனையை நடத்தியது மென்பொருளை விற்கும் நிறுவனம். எடுத்துக்கொண்டதோ அச்சில் வார்த்தது போன்ற எளிய ஒப்பந்த வகை. பல நாட்டுச் சட்டங்கள் பின்னிக் கிடக்கும் கூட்டு முயற்சி ஒப்பந்தத்துக்கு இந்த 94 பொருந்தும் என்று அதிலிருந்து சொல்ல முடியாது.

உண்மையான சிக்கல், கையில் உள்ள காகிதத்தில் தேடுவதை விட்டு, சட்டத்தையே சொல்லும்படி இயந்திரத்திடம் கேட்கும்போது தொடங்குகிறது. அவியான்கா விமான நிறுவனத்துக்கு எதிராக நியூயார்க்கில் வழக்காடிய வக்கீல்கள், சாட்ஜிபிடி கொடுத்த ஆறு தீர்ப்புகளை மேற்கோள் காட்டினார்கள். ஆறும் இல்லாத தீர்ப்புகள். 'இவை உண்மையா' என்று கேட்டதற்கும் அது ஆம் என்றே சொல்லியிருந்தது. 2023 ஜூனில் நீதிபதி கெவின் காஸ்டல் 5,000 டாலர் அபராதம் விதித்தார். சாட்ஜிபிடி பொதுப் பயன்பாட்டுக் கருவி, சட்டத்துக்கென்றே செய்த கருவிகள் அப்படி இல்லை என்று வாதிடலாம். ஆனால் 2024-இல் ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் அத்தகைய கட்டணக் கருவிகளைச் சோதித்தபோது, 17 முதல் 33 சதவீதப் பதில்களில் புனைவு கலந்திருந்தது.

ரகசியம் இன்னொரு கவலை. ஊழியர்கள் சாட்ஜிபிடியில் மூல நிரலைப் போட்டது தெரிந்ததும், சாம்சங் 2023-இல் இத்தகைய கருவிகளுக்குத் தடை போட்டது. சட்டப் பிரிவின் கையில் இருப்பது அதைவிட நுட்பமான சரக்கு. இந்தியாவில் இந்தக் கவலை கூடுதல். சம்பளத்துக்கு வேலை பார்க்கும் நிறுவனச் சட்ட ஆலோசகர்களுக்கு, வழக்கறிஞர்களுக்குரிய முழு ரகசியப் பாதுகாப்பு கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2025-இல் சொல்லிவிட்டது. கவசம் மெலிந்தவர்கள், கேள்வியும் ஆவணமும் யாருடைய சர்வரில் தங்குகின்றன என்று கேட்காமல் மென்பொருளுக்கு ஒப்பந்தம் போடுவது ஆபத்து.

மூலப் பக்கத்தைத் திறந்து சரிபார்க்க முடிகிற வேலைகளுக்கு இந்தக் கருவிகள் தகும்: ஷரத்து தேடல், காலக்கெடு, ஆவண அலசல். சட்டக் கருத்தைச் சொல்லும் வேலைக்கு, மூலத் தீர்ப்பை ஒரு மனிதர் படித்து முடிக்கும்வரை தகாது. சட்டப் பிரிவுத் தலைவர்கள் மென்பொருள் வாங்கக் கோப்பு அனுப்பும்போது, உரிமக் கட்டணத்துக்குக் கீழேயே சரிபார்க்கும் ஆட்களின் சம்பளத்தையும் எழுதட்டும்.