சென்னைக் காற்று ‘திருப்திகரம்’: பி.எம். 2.5 கிராஃப்களைப் பற்றிச் சில குறிப்புகள்

பனிக்காலம் வந்தால் வாட்ஸ்அப்பில் தவறாமல் ஒரு கிராஃப் சுற்றும். டெல்லிக்கு ஆளுயரப் பட்டை, பக்கத்தில் சென்னைக்கு முழங்கால் உயரத்தில் ஒன்று. கூடவே “நல்லவேளை, நாம சென்னையில இருக்கோம்” என்று ஒரு வரி.

எண்கள் தப்பில்லை. நுண்துகளின் ஆண்டுச் சராசரி டெல்லியில் கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராமை ஒட்டியும், சென்னையில் 30-ஐ ஒட்டியும் இருக்கிறது. என் குறை ஒப்பீட்டின் மீதுதான். உலக சுகாதார நிறுவனம் 10 என்று வைத்திருந்த ஆண்டு வரம்பை 2021-ல் 5 ஆகக் குறைத்தது. இந்தியாவின் வரம்பு 2009-லிருந்து 40. அதே 30, ஒரு கோட்டுக்குக் கீழே, இன்னொரு கோட்டுக்கு ஆறு மடங்கு மேலே. இந்த இரண்டு கோடுகளையும் போடாமல் டெல்லியை மட்டும் பக்கத்தில் நிறுத்தினால் யாரும் நல்லவராகத்தான் தெரிவார்கள்.

அடுத்தது ஆப்களின் பச்சைக் கட்டம். மண்ணூர்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் என்னிடம் கேட்டார்: “அண்ணே, போன்ல பச்சை காட்டுது. பையனுக்கு வீசிங் இருக்கு, காலையில கிரவுண்டுக்கு அனுப்பலாமா?” அந்தக் கட்டம் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆனது இல்லை. ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

ஒரு நாளில் 20 மணி நேரம் காற்றில் 30 மைக்ரோகிராம், மீதி 4 மணி நேரம் 150 என்று வைத்துக்கொள்வோம். 24 மணி நேரச் சராசரி 50. நம் நாட்டுக் காற்றுத் தரக் குறியீட்டில் அது சுமார் 83, அதாவது ‘திருப்திகரம்’, இளம்பச்சை. அதே 50-ஐ அமெரிக்கக் குறியீட்டில் போட்டால் சுமார் 137, ஆரஞ்சு, ‘பாதிப்புக்கு எளிதில் ஆளாகிறவர்களுக்கு நல்லதல்ல’. காற்று ஒன்றுதான், அளவுகோல்தான் வேறு. சில ஆப்கள் இதைப் போடும், சில அதைப் போடும். எது என்று மூலையில் பொடி எழுத்தில் இருக்கும்.

ரெண்டு நிறமும் அந்த நாலு மணி நேரத்தைக் காட்டவில்லை என்பது அதைவிட முக்கியம். அது பெரும்பாலும் எப்போது வரும்? இரவில் தரை குளிர்ந்து, காற்று மேலே கலக்காமல் தாழ்வாகத் தேங்கும். விடிந்ததும் எம்.டி.எச். ரோட்டில் லாரியும் பஸ்ஸும் கிளம்பும். வெயில் ஏறினால்தான் கலக்கல் நடக்கும். கடற்காற்றும் மெரினாவுக்கு வந்து, அப்புறம்தான் அம்பத்தூர் பக்கம் எட்டும். பையன் கிரவுண்டில் ஓடுகிற நேரமும் இதுதான். அதனால் அவரிடம் நான் சொன்னது: “சராசரியைப் பார்க்காதீங்க, மணிவாரியா இருக்கிற கிராஃபைப் பாருங்க. பனி மாசத்துல விளையாட்டை சாயங்காலத்துக்கு மாத்த முடியுமான்னு பாருங்க. மருந்து விஷயம் டாக்டர்கிட்டதான்.”

மணிவாரி கிராஃப் எந்த இடத்துடையது என்றும் பார்க்கணும். மணலி, ஆலந்தூர் பஸ் டிப்போ, வேளச்சேரி, அரும்பாக்கம் என்று பெயர் போட்டிருக்கும். தொழிற்பேட்டையின் ஓரத்தில், பிரதான சாலையை ஒட்டி இருக்கிற தெருவுக்கு இவற்றின் சராசரி பொருந்துமா? ஊர் முழுக்க வழுவழுவென்று நிறம் பூசிய படங்களில், நிலையங்களுக்கு இடையே இருப்பது கணிப்பு. யாரும் அங்கே நின்று அளந்தது இல்லை. வீட்டில் வைக்கும் சின்ன மீட்டர் உதவும்தான், ஆனால் ஈரப்பதம் ஏறினால் துகள்கள் ஊதிப்போய் அது கூட்டிக் காட்டும். மார்கழிக் காலையில் இதை மனசில் வைக்கணும்.

போகி கிராஃப் தனி ரகம். 2018 போகியன்று புகைமூட்டத்தில் விமானங்களே திண்டாடின. அந்த மாதிரி நாளின் உச்சி கிராஃபில் ஏறியதும் மற்ற நாட்களெல்லாம் தரையோடு தரையாகத் தெரியும். ஆனால் கணக்கைப் பாருங்கள்: வழக்கமாக 30 இருக்கும் ஊரில் ஒரே ஒரு நாள் 300 ஆனால், ஆண்டுச் சராசரி ஏறுவது 270-ஐ 365-ஆல் வகுத்தால் வருவது, ஒன்றுக்கும் குறைவு. அந்த ஒரு நாள் நுரையீரல் நோயாளிக்கு ஆபத்துதான், மறுக்கவில்லை. ஆனால் வருஷ பாரம் முழுக்க அந்தத் ‘தரை’யில்தான் கிடக்கிறது.

“காற்று மேம்பட்டது” கிராஃப்களில் ரெண்டு விஷயம் பார்ப்பேன். ஒன்று, எந்த மாதத்தை எந்த மாதத்தோடு ஒப்பிடுகிறார்கள். 2020 ஊரடங்கின்போது ஜனவரிக்குப் பக்கத்தில் ஏப்ரலை வைத்து அதிசயித்தார்கள். ஊரடங்கு இல்லாத வருஷத்திலும் ஏப்ரலில் குறையத்தான் செய்யும். முந்தைய ஏப்ரலோடுதான் ஒப்பிட்டிருக்கணும். இன்னொன்று, எந்தத் துகள். 2019-ல் தொடங்கிய தேசிய தூய காற்றுத் திட்டத்தில் நகரங்களுக்கு மதிப்பெண் பி.எம். 10-ஐ வைத்துத்தான். சாலையைப் பெருக்கி, தண்ணீர் தெளித்தால் அது இறங்கும். டீசலும் குப்பையும் எரிவதால் வரும் பி.எம். 2.5 அதற்கெல்லாம் அசையாது. தூசி குறைந்த கிராஃபைக் காட்டி புகை குறைந்தது என்று சொல்லிவிட முடியும்.

இதனால் கிராஃபே வேண்டாம் என்று சொல்லவில்லை. அளக்காத இடத்தில் யாரும் கேள்வி கேட்க முடியாது. அடுத்த தடவை பச்சைக் கட்டம் வந்தால், எந்த இடம், எத்தனை மணி நேரச் சராசரி, யாருடைய அளவுகோல் என்று அனுப்பினவரைக் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் அதை ஃபார்வர்ட் பண்ணாதீர்கள்.